மிச்சப்படும் பணம்: சேமிப்பில் போடுவதா, கார்டு பாக்கியைக் கட்டுவதா?

மாதச் செலவெல்லாம் போக ஒரு தொகை கையில் மிஞ்சுகிறது. கிரெடிட் கார்டிலோ பழைய பாக்கி ஒன்று நிற்கிறது. மிஞ்சியதைக் கார்டில் கட்டலாமா, சேமிப்பில் போடலாமா? பணம் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்து, இரண்டிலும் நகர்வு தெரியாமல் சோர்ந்திருப்பார்கள்.

நானும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தேன். சேமிப்புக் கணக்கில் இருந்த பணம் மனதுக்குத் தெம்பாக இருந்தது. அதைத் தொட்டால் ஏதோ தவறு செய்வதுபோலத் தோன்றும். கார்டில் ஏறக்குறைய அதே அளவு பாக்கி இருந்ததை மட்டும் வேறு யாருடைய கணக்கோ என்பதுபோல ஒதுக்கி வைத்திருந்தேன். ஒருநாள் அந்த வருடம் வாங்கிய வட்டியையும் கட்டிய வட்டியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் 'கார்டுக் கடன் புதிர்' என்கிறார்கள். குறைந்த வட்டி தரும் சேமிப்பையும் அதிக வட்டி தின்னும் கடனையும் ஒரே குடும்பம் ஏன் ஒரே நேரத்தில் வைத்திருக்கிறது என்பதுதான் புதிர். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வட்டி வித்தியாசம். கார்டு வட்டி நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சில இடங்களில் 40ஐத் தாண்டும். எங்கே பார்த்தாலும் சாதாரணச் சேமிப்பு தரும் வட்டியைவிட அது பல மடங்கு. கார்டுக்காரர்கள் மாத வட்டியைச் சொல்வார்கள், சேமிப்புக்கு ஆண்டு வட்டியைச் சொல்வார்கள். 2.5, 5 என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பார்த்தால் கார்டுதான் மலிவு என்று தோன்றும். மாதம் 2.5 சதவீதம் வட்டிக்கு வட்டியாக ஏறினால் ஆண்டுக்கு 34.5 சதவீதம் ஆகிறது. ஒப்பிட வேண்டியது 34.5ஐயும் 5ஐயும். சேமிப்பு வட்டிக்குப் பல இடங்களில் வரியும் உண்டு. கடனைக் கட்டியதால் மிச்சமாகும் வட்டிக்கு எந்த வரியும் இல்லை.

அவசரத்துக்குக் கைக்கு வருமா. கார்டில் கட்டிய பணம் திரும்பப் பணமாக வராது. லிமிட்டில், அதாவது கார்டில் செலவழிக்க வங்கி வைத்திருக்கும் உச்ச வரம்பில், இடம் திறக்கும், அவ்வளவுதான். கார்டு செல்லும் இடத்தில் அது போதும். ரொக்கம்தான் வேண்டும் என்றால் கார்டில் பணம் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதோடு, லிமிட்டைக் குறைக்கும் உரிமை வங்கியின் கையில் இருக்கிறது. 2008 நிதி நெருக்கடியின்போது அமெரிக்காவில் பலருடைய லிமிட் இப்படித்தான் குறைந்தது. எல்லோருக்கும் பணம் தேவைப்பட்ட நேரம் அது.

கண்ணில் படாத செலவு. இதில் பெரியது வட்டியில்லாக் காலம் பறிபோவது. பொருள் வாங்கிய நாளிலிருந்து பில் கட்டும் கடைசித் தேதிவரை வட்டி இல்லாமல் ஓடும் நாட்கள் அவை. ஸ்டேட்மென்ட் தொகையை முழுதாகக் கட்டுபவருக்குத்தான் அந்தச் சலுகை. கொஞ்சம் பாக்கி வைத்தாலும், பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். பழைய பாக்கிக்கு மட்டும்தான் வட்டி என்று நம்பிக்கொண்டு அதே கார்டில் மாதச் சாமானை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் மிக அதிகம். 10,000க்கு வாங்கிய சாமானுக்கு 1 சதவீதம் கேஷ்பேக் என்றால் கிடைப்பது 100. 30 நாளைக்கு வட்டி 250. இந்த இடத்தில் ரிவார்டு பாயின்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் கை எப்படி. இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். லிமிட்டில் இடம் திறந்தால் செலவழித்துவிடுவீர்களா? சேமிப்பில் பணம் தெரிந்தால் கை அரிக்குமா? பதில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கார்டு தேய்க்கும்போது கை இளகுவது வெறும் பேச்சில்லை. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து ஆட்டச் சீட்டுகளை ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் கட்டச் சொல்லப்பட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். அதே ஆட்டம், அதே சீட்டு.

## ஒரே கணக்கு, நான்கு வழிகள்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். பாக்கி 60,000. மாதம் மிஞ்சுவது 6,000. கார்டு வட்டி மாதம் 2.5 சதவீதம். 'மினிமம்' என்று ஸ்டேட்மென்டில் வருவது, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டியது, பாக்கியில் 5 சதவீதம். சேமிப்புக்கு ஆண்டுக்கு 5 சதவீதம். பணம் எந்த நாட்டுடையதாகவும் இருக்கட்டும், கணக்கு ஒன்றுதான். கடன் தீரும்வரை இந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்பதும் கணக்கில் சேர்த்தி.

| வழி | கடன் தீர | வட்டி, கட்டணம் | 12 மாத முடிவில் சேமிப்பு | 12 மாத முடிவில் கடன் |
|---|---|---|---|---|
| 1. முழுவதும் கார்டுக்கு | 12 மாதம் | 9,920 | 2,080 | 0 |
| 2. மினிமம் கட்டி, மீதி சேமிப்புக்கு | பல ஆண்டு | முதல் ஆண்டில் மட்டும் 15,600 | 40,900 | 43,600 |
| 3. முதல் 4 மாதம் மினிமம் கட்டி மீதி அவசரப் பணத்துக்கு, பிறகு முழுவதும் கார்டுக்கு | 15 மாதம் | 13,700 | 12,600 | 13,300 |
| 4. குறைந்த வட்டிக் கடனுக்கு மாற்றுவது | 11 மாதம் | 5,540 | 6,460 | 0 |

எல்லாம் சுமாரான எண்கள். நான்காவது வழிக்கு ஆண்டுக்கு 14 சதவீத வட்டியும், 2 சதவீத பிராசஸிங் கட்டணமும் போட்டிருக்கிறேன். உங்கள் ஸ்டேட்மென்டில் உள்ள எண்களை வைத்து இதேபோல் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

## வழி 1: மிஞ்சியது முழுவதும் கார்டுக்கு

கையில் இருக்கும் பணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், புதுக் கடன் எதுவும் வாங்காமல் செய்யக்கூடியதில் இதுதான் மலிவு. 34.5 சதவீதக் கடனை ஒரு ரூபாய் குறைப்பதும், அந்த ஒரு ரூபாயை 34.5 சதவீதம் நிச்சயமாகத் தரும் இடத்தில் போடுவதும் ஒன்றே. அப்படி நிச்சயமாகத் தரும் முதலீடு உலகத்தில் எங்கும் இல்லை. லிமிட்டில் பயன்படுத்திய பங்கு குறைவதால், கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோரும் மெல்ல ஏறும்.

இதில் பலவீனம் ஒன்றுதான். பன்னிரண்டு மாதமும் கை வெறுமையாக இருக்கும். ஐந்தாவது மாதத்தில் வண்டி பழுதாகும், வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும். அப்போது திரும்பவும் அதே கார்டைத்தான் எடுப்போம். வட்டிக் கணக்கில் அது பெரிய நஷ்டம் இல்லை, கட்டியதில் ஒரு பகுதி திரும்ப ஏறியது என்றுதான் அர்த்தம். ஆனால் மனசுக்கு அது வேறு மாதிரி. நாலு மாதம் கட்டியும் பாக்கி குறையவே இல்லை என்று தோன்றி, பலர் அந்த மாதத்தோடு விட்டுவிடுகிறார்கள். என்னிடம் பேசியவர்களில் முயற்சி முறிந்த இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்தது.

யாருக்குப் பொருத்தம்: வருமானம் நிலையாக வருபவர்கள், அவசரம் என்றால் வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுக்க வீட்டிலோ நட்பிலோ ஒருவர் இருப்பவர்கள், அல்லது பாக்கி இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் அளவுக்குச் சிறியதாக இருப்பவர்கள்.

## வழி 2: மினிமம் கட்டிவிட்டு மீதியைச் சேமிப்பது

இதைத்தான் பலர் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்துச் சேமிப்பில் 40,900 இருக்கும், பார்க்க நிறைவாக இருக்கும். அந்த வருடம் சேமிப்பு தந்த வட்டி சுமார் 900. கார்டுக்குக் கட்டிய வட்டி 15,600. சேமித்ததை எல்லாம் எடுத்துக் கார்டில் போட்டாலும் இன்னும் 2,700 பாக்கி நிற்கும். முதல் வழியில் போனவரோ கடன் முடிந்து கையில் 2,080 வைத்திருப்பார்.

மினிமம் என்ற தொகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாக்கியில் 5 சதவீதம் கட்டினாலும் அதில் பாதி வட்டிக்கே போய்விடுகிறது. அசல் மெல்லக் கரையும், அசல் கரையக் கரைய மினிமமும் குறையும், அதனால் கரைவது இன்னும் மெதுவாகும். 60,000 பாதியாகக் குறையவே 26 மாதம் பிடிக்கும். அடுத்த பாதிக்கு இன்னொரு 26 மாதம். இந்த எண் ஸ்டேட்மென்டில் அச்சாகியிருப்பதே நம் கையைக் கட்டிவிடுகிறது என்பதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 2009இல் நீல் ஸ்டீவர்ட் வெளியிட்ட ஆய்வில், மினிமம் குறிப்பிடப்பட்ட பில்லைப் பார்த்தவர்கள், அது இல்லாத பில்லைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகக் கட்டுவதாகச் சொன்னார்கள். கீழே எழுதியிருக்கும் எண் ஒரு ஆலோசனைபோல மனதில் பதிந்துவிடுகிறது. அதே 2009இல் அமெரிக்கா கொண்டுவந்த கார்டுச் சட்டம், மினிமம் மட்டும் கட்டினால் எத்தனை காலம் ஆகும், 36 மாதத்தில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஸ்டேட்மென்டிலேயே அச்சிடச் சொன்னது. உங்கள் ஸ்டேட்மென்டில் அப்படி ஒரு கட்டம் இருந்தால், மினிமத்தைப் பார்க்காமல் அதைப் பாருங்கள்.

இருந்தாலும் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மூன்று நிலைமைகளில் இதுவே சரி. வேலை போகப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், மாதாமாதம் மினிமத்தைத் தவறாமல் கட்டிவிட்டு மீதியை ரொக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. சம்பளம் நின்றபிறகு கார்டில் திறந்திருக்கும் லிமிட்டால் வாடகை கட்ட முடியாது. அடுத்தது, ஓய்வுக்கால நிதிக்கு நீங்கள் போடும் அளவுக்கு முதலாளியும் போடும் ஏற்பாடு இருந்தால், அந்தப் பங்கு கிடைக்கும் அளவுக்கு மட்டும் போடலாம். போட்ட பணம் அன்றே இரட்டிப்பாகிறது, கார்டு வட்டி அதைத் தொட முடியாது. கடைசியாக, பாக்கிக்கு இப்போது வட்டியே இல்லாத சலுகைக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் சேமிப்பில் வைத்திருந்து, காலம் முடிய ஒரு வாரம் முன்பே மொத்தமாகக் கட்டிவிடலாம். தேதியை மறக்கமாட்டோம் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும்.

## வழி 3: முதலில் கொஞ்சம் அவசரப் பணம், பிறகு கார்டு

என் தேர்வு இது. கணக்கில் இது முதல் வழியைவிட 3,780 அதிகச் செலவு. சேமிப்பு தரும் வட்டியைக் கழித்தால் 3,200 அளவில் நிற்கும். அந்தத் தொகையை 12,000 அவசரப் பணத்துக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதைக் கொடுப்பது தகுமா? மேலே சொன்ன புதிருக்கு இரினா டெல்யுகோவா என்ற பொருளாதார ஆய்வாளர் தந்த விளக்கம் இங்கே உதவும். எதிர்பாராமல் வரும் சில செலவுகளைக் கார்டில் கட்ட முடியாது, அதற்காகத்தான் கடன் இருந்தும் மக்கள் கையில் பணம் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். நம் அனுபவமும் அதுதான். வாடகை, கைச் செலவு, வேலையாளுக்குக் கூலி, திடீர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் கார்டு செல்வதில்லை. ஆகவே கடன் இருக்கும்போது சேமிப்பு வைத்திருப்பது முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வை என்ற பொதுவான அறிவுரை கடன் இல்லாதவருக்கு. 34.5 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு ஆறு மாதச் செலவைச் சேர்க்கப் போனால் அது இரண்டாம் வழியாகவே முடியும். கார்டு செல்லாத ஒரு அவசரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசித்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போன இரண்டு வருடத்தில் வந்த திடீர்ச் செலவுகளை எழுதிப் பார்த்தால் ஒரு எண் தெரியும். நான் எழுதிப் பார்த்தபோது, மனதில் இருந்த பயத்தைவிட அந்த எண் பாதிகூட இல்லை.

ஏற்கெனவே சேமிப்பில் பெரிய தொகை இருந்தால் கணக்கு இன்னும் எளிது. அவசரத்துக்கு ஒதுக்கியது போக மீதியை இன்றே எடுத்துக் கார்டில் கட்டுங்கள். வைப்பு நிதியை முன்கூட்டி முடித்தால் கொஞ்சம் வட்டி வெட்டுவார்கள்தான். அந்த வெட்டு பெரும்பாலும் ஒரு மாதக் கார்டு வட்டியைக்கூட எட்டாது.

இந்த வழியில் ஒளிந்திருக்கும் செலவு அவசரம் என்ற சொல்லின் அர்த்தம் நாளுக்கு நாள் விரிவது. தள்ளுபடி விற்பனை அவசரம் ஆகும், நண்பரின் கல்யாணப் பரிசு அவசரம் ஆகும். அதனால் அந்தப் பணத்தை அன்றாடக் கணக்கில் வைக்காதீர்கள். கார்டோ போன் செயலியோ இணைக்காத வேறொரு கணக்கில் போட்டுவிடுங்கள். எடுக்க ஒரு நாள் ஆனால் போதும், பாதி ஆசை அடங்கிவிடும்.

## வழி 4: கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது

அட்டவணையில் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான். பர்சனல் லோன் எடுத்துக் கார்டை அடைக்கலாம், அல்லது பாக்கியை வேறொரு கார்டுக்கு மாற்றும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் செய்யலாம். இரண்டாவதில் சில மாதங்களுக்கு வட்டியே இல்லாத சலுகைகளும் வரும்.

ஆனால் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றுவதற்கு எத்தனை சதவீதக் கட்டணம்? சலுகைக் காலம் முடிந்த மறுநாள் வட்டி எவ்வளவு? ஒரு தவணை தாமதமானால் சலுகை ரத்தாகுமா? புதுக் கார்டில் வாங்கும் பொருளுக்கும் சலுகை உண்டா, இல்லை முழு வட்டியா? லோன் என்றால், சீக்கிரம் அடைத்தால் அபராதம் உண்டா? இன்னொன்றையும் பாருங்கள்: மாதத் தவணை குறைவாக இருக்கிறதே என்று ஐந்து வருடத்துக்கு நீட்டினால், வட்டி விகிதம் குறைந்தாலும் கட்டும் வட்டி கூடிவிடலாம். என் கணக்கில் 5,540 வந்ததே, மாதம் 6,000 விடாமல் கட்டியதால்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, பழைய கார்டு திடீரென்று காலியாகிவிடுவது. 60,000 லிமிட் திறந்து கிடக்கும், கடன் தீர்ந்துவிட்டதுபோல இருக்கும். ஒரு வருடத்தில் லோனும் தீராமல் கார்டும் நிரம்பிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதைப்போல வருத்தம் தருவது வேறில்லை. இந்த வழியில் போகிறவர்கள் மாற்றிய அன்றே பழைய கார்டின் லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மனம் வரவில்லை என்றால் மூன்றாம் வழியே பாதுகாப்பு.

யாருக்குப் பொருத்தம்: பாக்கி பெரியது, தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், ஸ்கோர் இன்னும் கெடவில்லை, செலவு ஏற்கெனவே கட்டுக்குள் வந்துவிட்டது என்ற நாலும் சேர்ந்திருப்பவர்களுக்கு. பாக்கி மூன்று மாதத்தில் தீரும் அளவு என்றால் கட்டணமே மிச்சத்தைத் தின்றுவிடும், அலைச்சல் தேவையில்லை.

## இரண்டு மூன்று கார்டில் பாக்கி இருந்தால்

எல்லாவற்றுக்கும் மினிமம் கட்டிவிட்டு, மிஞ்சியதை வட்டி அதிகமான கார்டில் போடுங்கள். கணக்குப்படி அதுதான் சரி. ஒரே விதிவிலக்கு: சின்னப் பாக்கி ஒன்று ஓரிரு மாதத்தில் தீரும் என்றால் அதை முதலில் முடித்துவிடலாம். அந்தக் கார்டுக்கு வட்டியில்லாக் காலம் திரும்பக் கிடைக்கும், நினைவில் வைக்க வேண்டிய தேதியும் ஒன்று குறையும். ஆனால் சில கார்டுகளில் முழுதாகக் கட்டிய அடுத்த மாதமும் சின்ன வட்டி ஒன்று வரும். ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது. தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அதையும் கட்டினால்தான் கணக்கு உண்மையில் சுத்தமாகும்.

## எந்த வழியானாலும் நாளைக்கே செய்ய வேண்டியவை

பாக்கி நிற்கும் கார்டை அன்றாடச் செலவுக்கு எடுப்பதை நிறுத்துங்கள். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். சாமான், பெட்ரோல், போன் பில் எல்லாம் கையிலோ டெபிட் கார்டிலோ போகட்டும்.

கார்டு பில் கணக்கிலிருந்து தானாகவே கட்டப்படும் ஆட்டோ பே போட்டிருந்தால் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். மினிமமா, முழுத் தொகையா என்று கேட்கும் இடத்தில், பதிவு செய்த நாளில் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது பலருக்கு நினைவிருக்காது. பாக்கி தீரும்வரை அதை 6,000 போன்ற நிலையான தொகைக்கு மாற்றுங்கள், சம்பளம் வந்த மறுநாள் தேதியில். மினிமத்தைப்போல அது மாதாமாதம் குறையாது. அந்தத் தேதியை ஸ்டேட்மென்டின் கடைசித் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தி இருந்தால் நல்லது, பிந்தி இருந்தால் தாமதக் கட்டணம் விழும்.

பாக்கி பூஜ்யமான மாதம், ஆட்டோ பேயை முழுத் தொகைக்கு மாற்றுங்கள். அதே நாள், அதே 6,000த்தைச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். அந்தப் பணம் இல்லாமலே ஒரு வருடம் வாழ்ந்து பழகிவிட்டீர்கள். இரண்டு மாதம் கையில் விட்டால் அது எங்கே போனது என்று தெரியாமல் போய்விடும், அதனால் அன்றே செய்துவிடுங்கள்.